ஏழு அடி

கிர்னி லா.
லா என்றால் இந்தப் பக்கத்தில் குன்று.
இரண்டாயிரம் அடிக்கு ஏழு அடி குறைவு,
அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை.
பட்டியல் பார்த்து மலையேறுகிறவர்களின் கார்கள்
பாலத்தில் வேகம் குறைக்காமல்
அடுத்த மலைக்குப் போய்விடுகின்றன.

வியாழக்கிழமைகளில் நூலக வண்டியைச்
சாலை முடிகிற இடத்தில் நிறுத்துவேன்.
நெட்டி ஹிஸ்லப் வந்து
மூன்று துப்பறியும் நாவல் எடுத்துப்போவாள்.
பிறகு மூன்று மணிவரை ஆள் கிடையாது.
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொள்கிறேன்.

நீலக் கயிற்றால் கட்டிய இரும்புப் படல்.
அவிழ்த்து, நுழைந்து, மறுபடி அதே முடிச்சு.
முடிச்சு மாறினால்
நெட்டியின் அண்ணன் டோட் கண்டுபிடித்துவிடுவான்.
கண்டுபிடித்து ஒன்றும் சொல்லமாட்டான்,
அதுதான் கஷ்டம்.

பாதை என்று ஒன்று இல்லை.
ஆடுகள் யோசித்த வழி இருக்கிறது,
அவையும் பாதியில் யோசனையை விட்டிருக்கின்றன.
அதற்குமேல் ஹெதர்ப் புதர், முழங்காலில் கம்பியாய்.
அதற்கும் மேல் கறுப்புச் சேறு,
எத்தனையோ காலமாக மட்கியும்
மண்ணாக மனம் வராத பாசி.
கால் வைத்தால் முதலில் சம்மதிக்கிறது,
பிறகு பேச்சு மாறுகிறது.
போன மார்ச்சில் இடது பூட்ஸைக் கொடுத்துவிட்டு
ஒற்றைக் காலுறையோடு இறங்கினேன்.
இப்போதும் அந்த இடம் வந்தால்
கடன்கொடுத்தவன் வாசலைத் தாண்டுகிற மாதிரி
பார்க்காமல் நடக்கிறேன்.

மழை இங்கே விழுவதில்லை,
பக்கவாட்டில் நடந்து வருகிறது.
வந்து, காது வரைக்கும் விசாரித்துவிட்டு,
எட்ரிக் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடும்.
அப்புறம் ஒரு வெயில்,
பஞ்சுப்புல் அத்தனையும் ஒரே திசையில் தலைசாய்த்து.
ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

ஜூனில் ஒருநாள் உச்சியில் ஒரு மனிதர்.
மூன்று கால் தாங்கியில் வெள்ளைக் காளான் போல ஒரு கருவி.
ஃபேர்பேர்ன், பீபிள்ஸில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.
"இரண்டு மணிநேரம் இதை அசைக்கக்கூடாது,
செயற்கைக்கோள்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன"
என்று கிசுகிசுத்தார், அவற்றின் காதில் விழாதபடி.
பழைய அளவுகளில் பிழை இருக்குமாம்.
இரண்டு குன்றுகளை அவரே
பட்டியலில் ஏற்றியிருக்கிறாராம்.

என் ரொட்டியில் பாதி, அவர் பாலாடைக்கட்டியில் பாதி.
மெல்லும்போதெல்லாம் மனசுக்குள் கூட்டினேன்:
ஏழு அடி கிடைத்தால் ஒரு வண்டி நிறுத்தம்,
ஒரு அம்புக்குறிப் பலகை,
சேற்றின்மேல் பலகைப் பாலம்,
என் பூட்ஸின்மேல் யார் யாரோ.
நூலகத்துக்கு ஆள் கூடும் என்றும் தோன்றியது,
பொய் சொல்வானேன்.

அப்போது வளைமூக்கு உள்ளான் ஒன்று
தன் நீண்ட அலகை முன்னால் அனுப்பிவிட்டுப்
பின்னால் வந்தது.
அதன் பின்னால் குஞ்சு,
கால் மட்டும் வளர்ந்து மீதி இன்னும் வராத குஞ்சு.
கருவியின் மூன்று கால்களுக்கு நடுவே
குனியாமல் நுழைந்து போனது.
ஃபேர்பேர்ன் பென்சிலைக் கீழே வைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு தபால் அட்டை,
"நூலக வண்டி, சாலை முடிவு" என்ற முகவரிக்கு.
குறைவு ஏழு இல்லையாம், ஒன்பது.

படலருகே டோட் நின்றிருந்தான், படித்துக் காட்டினேன்.
குன்றைப் பார்த்தான், நாயைப் பார்த்தான்.
"ரெண்டடியா?
ஆடுகள் மேய்ந்திருக்கும்" என்றான்.

அன்று இறங்கும்போது
முடிச்சைக் கொஞ்சம் வேறு மாதிரி போட்டுவிட்டு வந்தேன்.
அடுத்த வியாழன்
அது பழையபடி இருந்தது.